பெத்தணன் குடித்த பாட்டில்

அத்தியாயம் 6

பெத்தணன் செத்து மூன்று வருடமாகிறது. வருடத்துக்கு ஒருமுறை ஏழாம் நம்பர் ரூமுக்கு வந்து கால் பாட்டில் பிராந்தி குடித்துவிட்டுப் போகிறார். ஏழாயிரம்பண்ணை வட்டாரத்தில் இதைச் சந்தேகப்பட்ட ஒரே ஆள் பத்திரகாளிதான். அவளுக்கும் வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு அந்த ரூமுக்குள் கால் வைத்தபோது சந்தேகம் கொஞ்சம் ஆட்டம் கண்டது.

பத்தடிக்குப் பத்தடி ரூம். மேலே தகரக் கூரை. பழைய கூரை வெடிவிபத்து நடந்த அன்றைக்கே பறந்துவிட்டது. இரண்டு தடவை வெள்ளையடித்தும் சுவரின் கரி மறுபடி மேலே வந்திருந்தது. ஓரிடத்தில் மட்டும் கரியே படவில்லை. அந்த இடம் சரியாக ஓர் ஆள் உயரம் இருந்தது. பத்திரகாளி அதற்கு முதுகைக் காட்டாமல் தள்ளி நின்றுகொண்டாள்.

"அக்கா, நம்ம பேரைக் கேட்டாலே எந்தப் பேயும் இந்தப் பக்கம் வராது. பத்திரகாளி, ஊர்க்காவலன். ஒரு சூலமும் அருவாளும்தான் குறை," என்றான் உதவியாளன் ஊர்க்காவலன். வாசலுக்கு வெளியே நின்றபடி சொன்னான்.

"அப்ப உள்ள வாலே."

"வெள்ளிக்கிழமை மூணுல இருந்து நாலரை எமகண்டம். நான் இங்கனயே காவல் காக்குறேன். பேருக்கு ஏத்த வேலை."

விருதுநகரில் ஒரு காலண்டர் பிரஸ்ஸில் ராகு காலமும் எமகண்டமும் சரிபார்த்துக்கொண்டிருந்தவன் அவன். அந்தப் பிரஸ்ஸின் மாடியில்தான் பத்திரகாளியின் துப்பறியும் ஆபீஸ். தீப்பிடித்த குடோன்களை இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பதினைந்து வருடம் மோப்பம் பிடித்தவள், சொந்தமாகக் கடை போட்டு நாலு வருடமாகிறது. புதன்கிழமை அவளைக் கூப்பிட்டது இந்தப் பட்டாசு ஆலையின் முதலாளி ஜெயச்சந்திரன்.

விஷயம் இதுதான். பெத்தணன் இந்த ரூமில் வெடிமருந்து கலக்கும்போது வெடித்து இறந்தார். அதற்குப் பிறகு ரூமை மூடிவிட்டார்கள். வருடா வருடம் அவர் இறந்த நாளுக்கு முந்தின நாள் அவர் மனைவி வீரலட்சுமி இங்கே படையல் வைப்பாள். சாயங்காலம் கதவைப் பூட்டி, மறுநாள் காலையில் எல்லோரும் கூடித் திறப்பார்கள். பாட்டில் குறைந்திருக்கும். பெத்தணன் குடித்தது போக மீதியைச் சோற்றின் மேல் ஊற்றி, ஆளுக்கு ஓர் உருண்டை சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போவார்கள். அந்த உருண்டையைத் தின்றால் அந்த வருடம் விபத்து வராது என்று நம்பிக்கை.

இந்தப் புதன்கிழமை ஒன்பது பேர் சாப்பிட்டார்கள். பத்தரை மணிக்குள் ஒன்பது பேரும் குடல் வெளியே வந்துவிடும்போல வாந்தி எடுத்தார்கள். எட்டுப் பேர் தேறி வீட்டுக்கு வந்துவிட்டார்கள். சுப்புத்தாய் என்ற பெண் மட்டும் இன்னும் கண் திறக்கவில்லை. சாப்பிடாதவர்கள் இரண்டே பேர். ஒருத்தி, சமைத்து எடுத்து வந்த வீரலட்சுமி. கடைசியாகச் சாப்பிட உட்கார்ந்தவளுக்குச் சோறு மிஞ்சவில்லை. இன்னொருவர் போர்மேன் மணிகண்டராஜ். இருக்கன்குடி மாரியம்மனுக்குக் கயிறு கட்டிக் குடியை விட்டவர், சரக்கு ஊற்றிய சோற்றைத் தொட மாட்டார்.

வீரலட்சுமிதான் பாட்டிலில் மருந்துச் சாமான் எதையோ கலந்துவிட்டாள் என்பது இன்ஸ்பெக்டர் சூர்யபிரகாஷின் முடிவு. 'என் வீட்டுக்காரர் சாவுக்குக் காரணமானவங்க நல்லா இருக்க மாட்டாங்க' என்று அவள் நாலு பேர் முன்னால் அழுதது அவர் நோட்டில் ஏறியிருந்தது. இன்று சாயங்காலம் ஆறு மணிக்குள் வந்து அவளை அழைத்துப்போவதாகச் சொல்லியிருந்தார்.

அந்த முடிவுக்கு வழிகாட்டியது பத்திரகாளியேதான். சோறு கெட்டுப்போயிருக்குமோ என்று புதன்கிழமை அவர் கேட்டபோது, 'பிராந்தி ஊத்துன சோத்துல கிருமி எப்படி சார் உயிரோட இருக்கும்?' என்று பெரிய மேதாவி மாதிரி சொல்லியிருந்தாள். அதிலிருந்து இரண்டு நாளாக அவளுக்குத் தூக்கம் சரியில்லை.

"செவ்வாக்கிழமை என்ன செஞ்சீங்கன்னு இன்னொரு தடவை சொல்லுங்க," என்றாள் வாசலில் நின்ற வீரலட்சுமியிடம்.

முப்பத்தைந்து வயது இருக்கும். இதே ஆலையில் திரி வைக்கிற வேலை. விரல் நகங்களில் வெள்ளி நிறப் பொடி நிரந்தரமாகத் தங்கியிருந்தது.

"மத்தியானம் சோறு வடிச்சு, ரெண்டு மணி வேன்ல கொண்டாந்தேன். எலை போட்டு ஒரு கரண்டி சோறு, அவிச்ச முட்டை, சேவு, பீடிக்கட்டு. பாட்டில எல்லாரு முன்னாடியும்தான் தொறந்தேன். சில்வர் டம்ளரக் கவுத்து வச்சேன். எலையச் சுத்திப் பச்சரிசி மாவு தூவுனேன், அவரு வந்தாத் தடம் தெரியுமில்ல. அஞ்சு மணிக்குப் போர்மேன் அண்ணன் பூட்டுனாக. நான் வேன்ல ஊருக்குப் போயிட்டேன்."

"மீதிச் சோறு?"

"ஹாட்பாக்ஸ்ல எலைக்குப் பக்கத்துலயே வச்சிருந்தேன். இந்த வருசந்தான் வாங்குனேன்." அவள் குரல் இறங்கியது. "பட்டாசு வேலைக்குப் போறவுகளுக்குச் சூட்டுச் சோறு ஏது மேடம்? காம்பவுண்டுக்குள்ள நெருப்பே ஆகாது. பதினாறு வருசமா தூக்குவாளில ஆறுன சோத்தத்தான் தின்னாரு. போன ரெண்டு தடவையும் வீட்ல ஆற வச்சுத்தான் கொண்டாந்து எலையில பரப்புனேன். மனசு கேக்கல. ஒரு தடவையாவது சூடாத் திங்கட்டுமேன்னு..."

"காலைல எப்படி இருந்துச்சு?"

"வெதுவெதுன்னு இருந்துச்சு. இப்பத்தான் பக்கத்துல ஒரு ஆளு உக்காந்து தின்னுட்டு எந்திரிச்ச மாதிரி. அவரு ஒடம்புச் சூடுதான்னு எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டாக."

ஊர்க்காவலன் வாசலிலிருந்து இன்னும் இரண்டடி பின்னால் போனான்.

"எங்க போற? அந்தப் போட்டோவக் காட்டு."

புதன்கிழமை கதவைத் திறந்ததும் எடுத்த போட்டோ. வட்டாரத்தில் அது வராத செல்போன் இல்லை. இலை, அதைச் சுற்றி வெள்ளை மாவு, கால் பங்கு குறைந்த பாட்டில், கவிழ்த்தபடியே இருந்த சில்வர் டம்ளர். மாவில் கால்தடம் எதுவும் இல்லை.

"அதான்க்கா பயமா இருக்கு. தடமே இல்ல. பேய்க்கு ஏது காலு?"

"வந்தவன் பின்வாசல் வழியா வந்து, மாவுக்கு இந்தப் பக்கம் நின்னே கையை நீட்டியிருக்கான். மருந்து ரூம்னா ஓடுறதுக்கு ரெண்டு வாசல் இருக்கும். பூட்டு போட்டது முன்வாசலுக்கு மட்டும்." அவள் போட்டோவைப் பெரிதாக்கினாள். "எல்லாரும் கால்தடத்தைத் தேடியிருக்கீங்க. மாவோட ஓரத்துல இது என்ன?"

மாவில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு அச்சுகள். வட்டமாக இல்லை. ஒவ்வொன்றிலும் எட்டு மூலை இருந்தது.

"கிளாஸ் வச்ச தடம்!" என்றான் ஊர்க்காவலன். "பழைய டீக்கடைல இருக்குமே, பட்டை பட்டையா."

"சில்வர் டம்ளரைத் தொடலை. சொந்தமா ரெண்டு கிளாஸ் கொண்டு வந்திருக்கான். பீடிக்கட்டைப் பாரு, பிரிக்கவே இல்ல. வெளியாள் திருட வந்திருந்தா அதைத்தான் மொதல்ல பையில போட்டிருப்பான்."

"காம்பவுண்டுக்குள்ள பீடியத் தொடாத ஆளு. அப்ப ஆலைக்காரன்." அவனுக்குக் கொஞ்சம் தைரியம் வந்து வாசல்படியில் ஏறினான். "சரிக்கா, எவனோ ஓசில குடிச்சிருக்கான். அதுக்கு நம்ம ஏன் இந்த வெயில்ல வேகணும்?"

"பாட்டில்ல மிச்சம் ஒரு சொட்டு இல்ல, கழுவிட்டாங்க. அதுல விஷம் இருந்துச்சா இல்லையான்னு சொல்ல இப்ப இருக்குற ஒரே சாட்சி அதைக் குடிச்ச வயிறுதான். பெத்தணன் குடிச்சிருந்தா கூப்பிட முடியாது. உயிரோட இருக்குற ஆள் குடிச்சுட்டு நல்லா நடமாடுறான்னா பாட்டில் சுத்தம். வீரலட்சுமி அஞ்சு மணிக்கே போயிட்டாங்க. அதுக்கப்புறம் பாட்டிலைத் தொட அவங்களால முடியாது. காலைல எல்லாரும் பாக்கத்தான் போர்மேன் சோத்துல ஊத்தியிருக்காரு."

வீரலட்சுமி இதைக் கேட்டுச் சந்தோஷப்படவில்லை. "அப்ப குடிச்சது அவரு இல்லங்கிறீகளா?" என்று மட்டும் கேட்டாள். பத்திரகாளி செல்போனை ஊர்க்காவலனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே நடந்தாள்.

போர்மேன் ரூம் ஆலையின் வாசல் பக்கம் இருந்தது. மணிகண்டராஜுக்கு ஐம்பது வயதிருக்கும். வலது மணிக்கட்டில் வெளுத்துப்போன மஞ்சள் கயிறு. மேஜை மேல் ஒரு சில்வர் டம்ளரில் டீ ஆறிக்கொண்டிருந்தது. பின்னால் அலமாரியில் மாரியம்மன் படம், படத்துக்குப் பக்கத்தில் நியூஸ்பேப்பர் விரித்து இரண்டு கண்ணாடி கிளாஸ்களைக் கவிழ்த்து வைத்திருந்தார். ஒவ்வொன்றுக்கும் எட்டுப் பட்டை.

ஊர்க்காவலன் பத்திரகாளியைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை.

"டீ எப்பவும் டம்ளர்லதானா?"

"ஆமா மேடம்."

"அப்ப அந்தக் கிளாஸ் ரெண்டும்?"

"சும்மா கெடக்கு."

"சும்மா கிடக்குற கிளாஸ்ல தூசி இருக்கணும்," என்றான் ஊர்க்காவலன். "எங்க ஆபீஸ் கிளாஸ வந்து பாருங்க."

 பத்திரகாளி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். இந்த மாதிரி நேரத்துக்கென்று அவளிடம் ஒரு பொய் எப்போதும் தயாராக இருக்கும். பயந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடுவார், பயப்படாவிட்டால் 'பாட்டில்ல ஒண்ணுமில்லையே' என்று உளறுவார். இரண்டில் எது நடந்தாலும் சரி.

"லேப் ரிசல்ட் வந்துருச்சு. பாட்டில்ல விஷம் இருந்திருக்கு. சோத்துல பரவுனதால ஒன்பது பேரும் வாந்தியோட தப்பிச்சிருக்காங்க. அதைத் தனியா குடிச்ச ஆள் இன்னைக்கு ராத்திரிக்குள்ள ஆஸ்பத்திரிக்குப் போகலைன்னா பிழைக்க மாட்டார்."

மணிகண்டராஜ் ஓடவில்லை, உளறவும் இல்லை. கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்தார். இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். எங்கேயோ கிளம்புகிற ஆள் மாதிரி இருந்தார்.

"அப்ப வந்துருச்சு," என்றார். "புதன்கிழமைலருந்து காத்துக்கிட்டு இருக்கேன் மேடம். ஒம்பது பேருக்கும் வந்துச்சே, எனக்கு மட்டும் ஏன் வரலன்னு."

"என்ன சொல்றீங்க?"

"அந்தப் புள்ள வெசம் வச்சிருந்தா, அது எனக்கு வச்சதுதான். மத்தவுக ஊடால மாட்டிக்கிட்டாக. நான் போயிட்டா கணக்கு முடிஞ்சுரும். அவள விட்ருங்க."

 கேலி பேசியே பிழைப்பு நடத்துகிற ஊர்க்காவலன் தரையைப் பார்த்தான்.

"அன்னிக்கு அவன் மாட்டேன்னான்," மணிகண்டராஜ் தொடர்ந்தார். "மருந்து கொதிச்சுக்கிட்டு கெடக்கு, வெயில் தாழட்டும்னான். லோடு லாரி வாசல்ல நிக்கிது, போடான்னு நான்தான் அனுப்புனேன். அரை மணி நேரம். விசாரணையில நான் அதச் சொல்லல. சனிக்கிழமை ஆனா ரெண்டு பேரும் இந்தக் கிளாஸ்லதான் குடிப்போம். அவன் போன பொறகு இருக்கன்குடில கயிறு கட்டுனேன். வருசத்துல இந்த ஒரு நாளுக்கு மட்டும் ஆத்தாகிட்ட உத்தரவு வாங்கியிருக்கேன். பின்வாசல் வழியாப் போயி அவனுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. அவன்கிட்ட சொல்ல வேண்டியதச் சொல்லிட்டு வருவேன்."

பத்திரகாளிக்கு வெட்கமாக இருந்தது. பொய் சொல்லிப் பிடிக்கிற அளவுக்கு இந்த மனிதர் ஒளிந்துகொள்ளவே இல்லை. இரண்டு நாளாகச் சாவுக்குக் காத்துக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"அண்ணாச்சி, நான் சொன்னது பொய். லேப் ரிசல்ட் இன்னும் வரலை. நீங்க குடிச்சு மூணு நாள் ஆகப்போகுது. உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. பாட்டில்ல ஒண்ணுமே இல்ல."

அவர் முகத்தில் நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தாள். அது வரவில்லை.

நாலே முக்காலுக்கு ஜீப் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் சூர்யபிரகாஷ் இறங்கியதும் பையிலிருந்து சானிடைசரை எடுத்துக் கையில் தேய்த்துக்கொண்டார். கொரோனா காலத்தில் தொற்றிய பழக்கம். ஒரு கேஸுக்கு ஒரு பாட்டில் தீர்ப்பார் என்று ஊர்க்காவலன் சொல்வான்.

வீரலட்சுமியையும் போர்மேன் ரூமுக்குக் கூப்பிட்டார்கள். மணிகண்டராஜ் தான் குடித்ததை இன்ஸ்பெக்டரிடம் ஒரு வார்த்தை மறைக்காமல் சொன்னார். அவர் சொல்லி முடிக்கும்வரை வீரலட்சுமி அலமாரியில் இருந்த இரண்டு கிளாஸ்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆக, பாட்டில் சுத்தம்," என்றாள் பத்திரகாளி. "இவங்க மேல கேஸ் இல்ல சார்."

இன்ஸ்பெக்டர் சிரித்தார். "பாட்டில் சுத்தம்தான் மேடம். அப்ப விஷம் சோத்துல இருந்திருக்கு. சோறு ஆக்குனது யாரு?"

 பத்திரகாளி ஒரு மதியம் முழுக்க ஓடி, பாட்டிலிலிருந்து காப்பாற்றியவளைச் சோற்றுப் பாத்திரத்துக்குள் தள்ளிவிட்டிருந்தாள்.

"சோறு தானாவே கெட்டுப்போயிருக்கலாமே சார்?"

"நீங்கதான மேடம் சொன்னீங்க? பிராந்தி ஊத்துன சோத்துல கிருமி இருக்காதுன்னு. கிருமி இல்லன்னா விஷம்தான். சுப்புத்தாய் போய்ட்டா இது கொலை கேஸ்." வெளியே நின்ற பெண் போலீஸைக் கூப்பிடக் கையை உயர்த்தினார்.

அந்த நேரத்தில் பத்திரகாளியின் செல்போன் அடித்தது. மதுரையில் உணவுப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிற ரோஷினி. ஹாட்பாக்ஸின் அடியில் ஒட்டிக் கிடந்த சோற்றைச் சுரண்டிப் புதன்கிழமை சாயங்காலமே அவளுக்கு அனுப்பியிருந்தார்கள். பத்திரகாளி ஸ்பீக்கரைப் போட்டாள்.

"அக்கா, உங்க கேஸ்ல ஒரு பெரிய குடிகாரன் மாட்டியிருக்கான்," என்றாள் ரோஷினி. "உங்க சோத்தை அதே கம்பெனி பிராந்தியில ஒரு நாள் முழுக்க ஊறப்போட்டேன். எடுத்துத் தட்டுல தடவி வச்சேன். இன்னைக்குப் பாத்தா தட்டு பூரா முளைச்சு நிக்கிது. வெறும் பிராந்தியை வச்ச தட்டுல ஒண்ணும் இல்ல. பட்டாசுச் சாமான் எதாவது இருக்கான்னும் பாத்தாச்சு, இல்லவே இல்ல."

"பிராந்தியில கிருமி சாகாதா?" இன்ஸ்பெக்டர் செல்போனிடமே கேட்டார்.

"மத்த கிருமி நெறைய சாகும் சார். இது அரிசியோடயே வர்ற கிருமி. கஷ்டம் வந்தா விதை மாதிரி கெட்டியாகிச் சுருண்டுக்கும். அந்த விதையைக் கொதிக்கிற உலையும் ஒண்ணும் செய்யாது, சரக்கும் ஒண்ணும் செய்யாது. சோறு ரொம்ப நேரம் வெதுவெதுப்பா இருந்தாப் போதும், முழிச்சுப் பெருகிரும். ஹாட்பாக்ஸ்ல எத்தனை மணி நேரம் இருந்துச்சு?"

"பதினெட்டு மணி நேரம்," என்றாள் பத்திரகாளி. "மே மாச வெயில்ல, தகரக் கூரைக்குக் கீழ."

"அப்புறம் என்னக்கா? பெருகும்போதே ஒரு நஞ்சை விட்டுரும். அதுக்கு வாடையும் இல்ல, ருசியும் இல்ல. மறுபடி சூடு பண்ணாலும் போகாது, மேல எதை ஊத்துனாலும் போகாது. தின்ன ரெண்டு மூணு மணி நேரத்துல வாந்தி. ரிப்போர்ட் இப்ப அனுப்புறேன்."

மணிகண்டராஜுக்குப் புரியவில்லை. பத்திரகாளி அவருக்குத் தெரிந்த பாஷையில் சொன்னாள். "நமுத்துப்போன வெடி அண்ணாச்சி. செத்துருச்சுன்னு நம்ம மூலைல போட்டுருவோம். காஞ்சா வெடிக்கும்ல, அது மாதிரி."

இன்ஸ்பெக்டர் தன் கையிலிருந்த சானிடைசரைச் சந்தேகத்தோடு பார்த்தார். "அப்ப இது?"

"அந்த விதையை அது கொல்லாது சார். சோப்புப் போட்டுக் கழுவுனா தண்ணியோட ஓடிரும்," என்றாள் பத்திரகாளி. பிறகு நிமிர்ந்து நின்றாள். "நான் புதன்கிழமை சொன்னது தப்பு. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன். அதையும் எழுதிக்கோங்க."

"அக்கா தப்புன்னு ஒத்துக்கிட்டது இந்த வருசத்துல இதுதான் மொத தடவை," என்றான் ஊர்க்காவலன். "தேதியக் குறிச்சு வைக்கணும். புதன்கிழமை எட்டு மணி எமகண்டத்துல சோத்தப் பிரிச்சாங்கன்னு கேட்டப்பவே நான் நெனச்சேன்."

இன்ஸ்பெக்டர் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். சுப்புத்தாய் மதியமே கண் விழித்து, ஒரு டம்ளர் கஞ்சி குடித்து, பேய் போய்விட்டதா என்று கேட்டாளாம். அவர் நோட்டை மூடினார். "ரிப்போர்ட் வந்ததும் மேல பேசிக்கிறேன். இந்தம்மா வீட்டுக்குப் போகலாம்."

"சார், நான் சொன்னதையும் எழுதுங்க," என்றார் மணிகண்டராஜ். "மூணு வருசத்துக்கு முன்னாடி, லோடுக்காக அவன அனுப்புனது."

இன்ஸ்பெக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "திங்கக்கிழமை ஸ்டேஷனுக்கு வாங்க. நிதானமா உக்காந்து எழுதுவோம்."

ஜீப் போய்விட்டது. விடுதலையான வீரலட்சுமி நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

"அப்ப அந்தச் சூடு," என்றாள். "காலைல வெதுவெதுன்னு இருந்துச்சே. அது அவரு இல்லையா?"

பத்திரகாளி இல்லை என்று தலையசைத்தாள்.

"பாட்டிலும் அவரு இல்ல. சூடாத் திங்கட்டும்னு நான் வாங்குன டப்பாதான் ஒம்பது பேரையும் படுக்க வச்சிருக்கு." அவள் அழவில்லை. அழுதிருந்தால் பார்க்கச் சுலபமாக இருந்திருக்கும். "மூணு வருசமா அவரு வாராருன்னு சொல்லித்தான் மேடம் இதே வேலைக்கு வாரேன். இல்லன்னா இந்தக் கேட்டுக்குள்ள கால் வைப்பேனா?"

மணிகண்டராஜ் நாற்காலியிலிருந்து எழுந்தார். "தாயி, நான்தான் அவன..."

"தெரியும்ணே." அவள் முதல்முறையாக அவர் முகத்தைப் பார்த்தாள். "அன்னிக்கு ரூமுக்குப் போறப்ப என்கிட்ட சொல்லிட்டுத்தான் போனாரு. ராஜ் வெரட்டுறான், அரை மணில வந்துருவேன்னு. நீங்களா வாயத் தொறந்து சொல்லுவீகன்னு மூணு வருசமாப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

அவர் மறுபடி உட்கார்ந்துவிட்டார். 

வீரலட்சுமி அலமாரியிடம் போய் ஒரு கிளாஸை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தாள். "இதுல எது அவரோடது?"

"இடப்பக்கத்தது."

"ரெண்டுலயும் ஊத்துனீகளா?"

"ஆமா தாயி."

"அவருக்கு ஊத்துனதையும் நீங்களே குடிச்சுட்டீகளா?"

"மாரியாத்தா மேல சத்தியமா இல்ல. அவன் கிளாஸ நான் தொட மாட்டேன். ரெண்டையும் வச்சுட்டு வந்துருவேன். விடியுமுன்ன பின்வாசல் வழியாப் போயி எடுத்துட்டு வந்து கழுவி வைப்பேன்."

"எடுக்கும்போது அதுல இருந்துச்சா?"

 மணிகண்டராஜ் ரொம்ப மெதுவாகச் சொன்னார். "இல்ல தாயி. மூணு தடவையும் காலியாத்தான் இருந்துச்சு. நான் யாருகிட்டயும் சொல்லல. சொன்னா யாரு நம்புவா?"

பத்திரகாளி வாயைத் திறந்தாள். திறந்து வைத்த கிளாஸில் பிராந்தி வற்றும், தகரக் கூரைச் சூட்டில் இன்னும் சீக்கிரம் வற்றும். அணில் இருக்கிறது, எலி இருக்கிறது. இதெல்லாம் அவள் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. நிரம்பிய கிளாஸ் ஒரே ராத்திரியில் அடியோடு வற்றாது என்பதும், மாவில் அணிலோ எலியோ வந்த தடம் ஒன்றுகூட இல்லை என்பதும் கூடவே ஞாபகம் வந்தது. ஏழாம் நம்பர் ரூமின் சுவரும், அதில் கரி படாத ஓர் ஆள் உயரமும் கண் முன்னால் வந்து நின்றன.

ஊர்க்காவலன் அவளைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தான். அன்றைக்கு முழுவதும் அவன் கேலி இல்லாமல் செய்த காரியம் அது ஒன்றுதான். தெரியாததைத் தெரிந்த மாதிரி ஒரு வாரத்தில் இரண்டு தடவை சொல்லக் கூடாது என்று அவள் வாயை மூடிக்கொண்டாள்.

வீரலட்சுமி அந்தக் கிளாஸைச் சேலை முந்தானையால் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தாள். மூலையில் இருந்த நீல நிற ஹாட்பாக்ஸை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"அடுத்த வருசம் படையல் வைக்கலாமா மேடம்?"

"வைங்க. வச்சதை மறுநாள் யாரும் சாப்பிட வேணாம். அது அவருக்கு மட்டும் இருக்கட்டும்."

"சரி." வாசல்வரை போனவள் திரும்பி மணிகண்டராஜைப் பார்த்தாள். "நீங்க முன்வாசல் வழியாவே வாங்கண்ணே, நான் இருக்கும்போதே. கிளாஸ் ரெண்டையும் கொண்டாங்க."

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

"சோத்தத் தூக்குவாளிலயே கொண்டு வாரேன்," என்றாள் வீரலட்சுமி. "ஆறுன சோறு தின்னு பழகுன மனுசன்தான."